விடுமுறை முகாமில் வண்ணக் கட்டைகள்: செய்நிரலாக்கம் எதைக் கற்பிக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாடசாலை விடுமுறைக் காலத்தில் நடத்தப்படும் விஞ்ஞான முகாம்களில் கணினிச் செய்நிரலாக்கமும் இடம்பிடித்துவிட்டது. அங்கே மாணவர் முதலில் தொடுவது பெரும்பாலும் ஸ்க்ராட்ச் போன்ற வரைவியல் மொழி ஒன்றைத்தான். கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை. திரையோரம் வண்ணக் கட்டைகளாகக் கிடப்பவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டை ஒட்டாது. அரை மணி நேரத்தில் ஒரு பூனை நடக்கத் தொடங்கும். மதியத்துக்குள் அது பந்தைத் துரத்தும். கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் காட்சி, சான்றிதழ், குழுப்படம்.

இதன் பின்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. கட்டைகளைப் பொருத்தப் பழகிய பிள்ளை செய்நிரலாக்கம் கற்றதாகுமா? செய்நிரலாக்கம் கற்ற பிள்ளை சிந்திக்கக் கற்றதாகுமா? இரண்டுக்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுட் பல ஒன்றோடொன்று முரண்படுபவை; பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய, இஸ்ரேலிய வகுப்பறைகளில் பிறந்தவை. குடாநாட்டுச் சூழலில் வைத்துப் பார்க்கும்போது அவற்றுள் எவை நிற்கின்றன, எவை தளர்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

லோகோவின் வாக்குறுதி

1967இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் வலி ஃபோய்ர்சைக், சிந்தியா சொலமன், சீமோர் பப்பேர்ட் ஆகியோர் சிறுவருக்கென லோகோ என்ற மொழியை உருவாக்கினர். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றிவிட்டு வந்தவர் பப்பேர்ட். பிள்ளை அறிவை வாங்கிக்கொள்வதில்லை, தானே கட்டிக்கொள்கிறது என்ற பியாஜேயின் கருத்துக்கு அவர் ஒரு கருவியைத் தேடினார். இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று கட்டளையிட்டால் கோடு வரைந்தபடி நகரும் ஆமை அந்தக் கருவியாயிற்று. ஆமையைக் கொண்டு சதுரம் வரையும் பிள்ளை கோணத்தை வரைவிலக்கணமாக மனனஞ் செய்வதில்லை. ஆமையின் இடத்தில் தன்னை வைத்துத் திரும்பிப் பார்த்து அறிகிறது. 1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்ரோர்ம்ஸ்' நூலில் பப்பேர்ட் இந்த வாதத்தை மேலும் நீட்டினார். செய்நிரல் எழுதும் பிள்ளை தன் சிந்தனையையே ஆராயப் பழகுகிறது என்றும், பிழையை வெட்கப்பட வேண்டியதாகக் கருதாமல் தேடித் திருத்த வேண்டியதாகக் காணக் கற்கிறது என்றும் அவர் எழுதினார்.

இந்த நம்பிக்கையை முதலில் உலுக்கியவர்கள் நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீயும் மிடியன் கேர்லண்டும். 1980களின் முற்பகுதியில், லோகோ கற்ற பிள்ளைகளிடமும் கல்லாத பிள்ளைகளிடமும் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பணி ஒன்றை அவர்கள் கொடுத்துப் பார்த்தனர். ஓராண்டு லோகோ படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை. அடிப்படைக் கருத்துகளையே பல பிள்ளைகள் தவறாக விளங்கிக்கொண்டிருந்தனர் என்பது அதைவிடக் கசப்பான முடிவு. பப்பேர்ட் 1987இல் இதற்குப் பதிலளித்தார். கருவியை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதன் 'விளைவை' அளக்க முனைவதே பிழை, லோகோவைச் சூழ்ந்த வகுப்பறைப் பண்பாட்டையே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எந்தத் தோல்விக்கும் சூழலைக் காரணமாகக் காட்டிவிடலாம் என்றால், கூற்றைப் பரிசோதிக்கவே வழியில்லாமற் போய்விடும். பப்பேர்ட்டின் அன்பர்கள் இந்த இடர்ப்பாட்டை இன்றுவரை முழுதாகத் தீர்க்கவில்லை.

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது டேவிட் கிளாரும் ஷெரன் கார்வரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு. லோகோவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், பிழையைத் தேடும் முறையை அவர்கள் படிப்படியாக, வெளிப்படையாகக் கற்பித்தனர்: வந்த விளைவுக்கும் வரவேண்டியிருந்த விளைவுக்கும் என்ன வேறுபாடு, அது எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம், அப்பகுதியில் எந்தக் கட்டளை. இவ்வாறு கற்ற பிள்ளைகள் கணினியோடு தொடர்பில்லாத எழுத்து அறிவுறுத்தல்களில் இருந்த பிழைகளையும் முன்பைவிடத் திறமையாகக் கண்டுபிடித்தனர். திறன் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். ஆனால் தாவ வேண்டிய திறனைப் பெயர் சொல்லிக் கற்பிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறக்கூடிய முடிவு.

ஜெனற் விங் 2006இல் எழுதிய சிறு கட்டுரைக்குப் பின் 'கணினிமுறைச் சிந்தனை' என்ற பெயரில் பழைய வாக்குறுதி மறுபிறவி எடுத்தது. 2019இல் ரொனி ஷெரர் குழுவினர் 105 ஆய்வுகளைத் திரட்டிச் செய்த தொகுப்பாய்வு, செய்நிரலாக்கம் கற்பதால் பிற பணிகளுக்குத் தாவும் பயனைச் சராசரியாக 0.49 விளைவளவு என்று மதிப்பிட்டது. செய்நிரலாக்கத்தை ஒத்த பணிகளில் அது 0.75, தொலைவான பணிகளில் 0.47. கல்வி ஆய்வில் இவை சிறிய எண்களல்ல. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறொரு பயனுள்ள கற்பித்தல் வழங்கப்பட்ட ஆய்வுகளில் இந்த விளைவு சுருங்கிவிடுகிறது. முகாம் நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். சும்மா இருந்த பிள்ளையோடு ஒப்பிட்டால் ஸ்க்ராட்ச் வெல்லும். அதே நேரத்தில் சதுரங்கமோ வடிவியலோ நன்றாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளையோடு ஒப்பிட்டால் வெற்றி அவ்வளவு உறுதியில்லை.

படமும் எழுத்தும்

செய்நிரலைப் படமாகக் காட்டினால் விளங்குவது எளிதாகும் என்ற எண்ணம் பாய்ச்சற் கோட்டுப்படத்தின் காலத்திலிருந்தே உண்டு. அதை மறுத்தவர்களில் பெயர்பெற்றவர் ஃபிரெட் புரூக்ஸ். மென்பொருளின் சிக்கல் வெளியில் இடங்கொள்ளும் வடிவம் உடையதன்று, ஆகவே வரைவியல் மொழிகளிடம் அற்புதங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று 1986இல் அவர் எச்சரித்தார். அதே ஆண்டில் ஆய்வுகூடக் கருவிகளை இயக்குவதற்கான லாப்வியூ என்ற வரைவியல் மொழி சந்தைக்கு வந்தது. தொமஸ் கிரீனும் மேரியன் பெற்றேயும் 1990களின் தொடக்கத்தில் அதைப் பரிசோதித்தபோது, பயிற்சி பெற்றவர்களும் வரைவியற் செய்நிரலை எழுத்துச் செய்நிரலைவிட மெதுவாகவே வாசித்தனர்.

இந்த முடிவை அப்படியே ஸ்க்ராட்ச் மீது ஏற்றுவது சரியன்று. லாப்வியூவில் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் தரவின் ஓட்டத்தைக் காட்டுகின்றன. கண் அந்தக் கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. எம்.ஐ.ரி.யில் மிற்சல் றெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் பொதுவெளியிட்ட ஸ்க்ராட்ச் உண்மையில் எழுத்து மொழிதான். மேலிருந்து கீழே வாசிக்கிறோம். சொற்கள் கட்டைகளின்மேல் எழுதப்பட்டுள்ளன. படத்தின் பங்கு இலக்கணப் பிழையைத் தடுப்பதோடு முடிகிறது. அரைப்புள்ளியை விட்டதற்காகச் செய்நிரல் ஓட மறுக்கும் அவலம் இல்லை. வரைவியல் மொழி குறித்த பழைய ஆய்வுகளை ஸ்க்ராட்சுக்கு எதிராக மேற்கோள் காட்டுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கட்டைக்கும் எழுத்துக்கும் நேரடி ஒப்பீடாக இன்று அதிகம் சுட்டப்படுபவை டேவிட் வைன்ட்ரொப், யூரி விலென்ஸ்கி ஆகியோரின் ஆய்வுகள். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் இரண்டு வகுப்புகள் ஐந்து வாரம் ஒரே பாடத்தைப் படித்தன. ஒன்று கட்டைகளால், மற்றது எழுத்தால். கட்டை வகுப்பின் கற்றற்பேறு கூடுதல். தொடர்ந்து கணினி படிக்கும் ஆர்வமும் கூடுதல். எழுத்து வகுப்பினரோ தாங்கள் செய்வது உண்மையான செய்நிரலாளர் செய்வதை ஒத்தது என்று கருதினர். பின்னர் இரு வகுப்புகளும் ஜாவாவுக்கு மாறின. பத்து வாரத்தின் முடிவில் இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. இஸ்ரேலில் மிக்கால் ஆர்மோனியும் சகபாடிகளும் செய்த ஆய்வில், கீழ் வகுப்பில் ஸ்க்ராட்ச் படித்துவிட்டு வந்தவர்கள் பத்தாம் வகுப்பில் புதிய கருத்துகளை விரைவாகப் பற்றிக்கொண்டனர். ஆண்டிறுதியிலோ மீள்செயல் நீங்கலான பெரும்பாலான கருத்துகளில் மற்றவர்களும் அவர்களை எட்டிப்பிடித்துவிட்டனர். இதே குழுவினர் 2011இல் வேறொரு குறையையும் காட்டினர். ஸ்க்ராட்ச் பழகியவர்கள் முழுப் பிரச்சினையையும் பகுத்துத் திட்டமிடாமல், கையிற்பட்ட கட்டைகளைப் பொருத்திப் பார்த்து முன்னேறுகின்றனர்; செய்நிரலைத் தேவைக்கு மேல் சின்னஞ்சிறு துண்டுகளாகச் சிதறடிக்கின்றனர்.

இலங்கை மாணவருக்கு இந்த வாதம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இடைநிலை வகுப்புகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்களில் ஸ்க்ராட்ச் வருகிறது. சாதாரண தரத்தில் பாய்ச்சற் கோட்டுப்படம், போலிக்குறிமுறை, அதன்பின் பாஸ்கல். உயர்தரத்தில் அந்தப் பாடத்தைத் தெரிவு செய்தவர்களுக்குப் பைதன். அதாவது பதினொன்றிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் ஒரு பிள்ளை மூன்று மொழிகளைக் கடக்க வேண்டும். ஸ்க்ராட்சிலிருந்து பாஸ்கலுக்குப் போகும் இடமே மிகச் செங்குத்தானது. கட்டை தானே தடுத்த பிழைகளை இப்போது பிள்ளை தன் கையால் செய்கிறது. மாறியை முன்கூட்டியே வகையோடு அறிவிக்க வேண்டியிருக்கிறது. நிகழ்வைக் கேட்டு ஓடும் பல சிறு செய்நிரல்களுக்குப் பதிலாகத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒற்றைச் செய்நிரலை எழுத வேண்டியிருக்கிறது. ஸ்க்ராட்சின் பல நற்குணங்கள் இந்தக் கடவையில் உதவுவதில்லை. மீள்செயல், நிபந்தனை, மாறி என்ற மூன்றும் உதவக்கூடும். அதற்கும் யாராவது ஒருவர் இரண்டையும் அருகருகே வைத்து, இதுதான் அது என்று காட்ட வேண்டும்.

முகாம் என்ற குறுகிய காலம்

மேற்சொன்ன ஆய்வுகள் பலவும் வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்தவை. முகாமோ சில நாள் அல்லது இரண்டு வாரம். அந்தக் கால அளவில் என்ன நடக்கிறது?

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கணினி மன்றம் ஒன்றில் பதினெட்டு மாதங்களாகச் சேர்ந்த 536 ஸ்க்ராட்ச் படைப்புகளை ஜோன் மலோனி, கைலி பெப்ளர், யாஸ்மின் கஃபாய் முதலியோர் 2008இல் ஆராய்ந்தனர். அங்கு பாடம் நடத்துவோர் இல்லை. சிறுவர் விரும்பியபோது வந்து விரும்பியதைச் செய்தனர். விசைப்பலகையோடும் சுட்டியோடும் ஊடாடும் கட்டளைகளும் மீள்செயலும் பரவலாகத் தென்பட்டன. மாறி, தருக்கக் கூற்று, எழுமாற்று எண் ஆகியவை மிகக் குறைவு. இவை தாமாகவே கைக்கு வருவதில்லை. யாரோ ஒருவர் தேவை வரும் வேளையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

2013இல் டயானா ஃபிராங்க்ளின் குழுவினர் கலிபோர்னியாவில் நடத்திய இரண்டு வாரக் கோடை முகாம் பற்றி எழுதியது நம் விடயத்துக்கு மிக நெருங்கியது. மாயன் பண்பாடு, விலங்குப் பாதுகாப்பு, ஸ்க்ராட்ச் மூன்றும் அங்கு ஒன்றாகப் பின்னப்பட்டிருந்தன. ஆறாம் முதல் எட்டாம் வகுப்பு வரையான மாணவர் பங்கேற்றனர். நிகழ்வுகளைக் கையாளுதல், செய்தி அனுப்புதல், தொடக்க நிலையை அமைத்தல் போன்ற குறிப்பிட்ட திறன்களை மாணவர் படைப்புகளிலேயே தேடிப் பார்த்தனர் என்பதே இதன் பெறுமதி. இரண்டு வாரத்தில் இத்தகைய திறன்கள் படியக்கூடும் என்று அது காட்டியது. தொடக்க நிலை என்பது அற்பமானதல்ல. முதல் ஓட்டத்தில் திரையின் வலது மூலைக்குப் போன பூனை, இரண்டாம் ஓட்டத்தில் அங்கிருந்தே புறப்படும். ஏன் என்று பிள்ளை திகைக்கும் அந்தக் கணத்தில்தான் கணினிக்கு நினைவு உண்டு, எண்ணம் இல்லை என்பது விளங்குகிறது.

வழிகாட்டல் எவ்வளவு வேண்டும் என்பதில் இரு அணிகள் உள்ளன. போல் கேர்ஷ்னர், ஜோன் ஸ்வெல்லர், றிச்சர்ட் கிளார்க் ஆகியோர் 2006இல், குறைந்த வழிகாட்டல் தொடக்கநிலை மாணவரின் செயல்நினைவைத் திணறடிக்கிறது என்று கடுமையாக எழுதினர். அறிவைப் பிள்ளையே கட்டிக்கொள்கிறது என்று வாதிடுவோர் அதை ஏற்கவில்லை. தானாகத் தேடிய அனுபவம் ஆர்வத்தைத் தக்கவைக்கிறது என்பர். லொஸ் ஏஞ்சல்ஸ் எண்களும் கிளார்–கார்வர் பரிசோதனையும் முதற்சாராரின் பக்கமே சாய்கின்றன என்று தோன்றுகிறது. எனினும் பிள்ளை மறுநாளும் வர வேண்டுமே! முகாமில் வரவு கட்டாயமில்லை.

முகாம்களின் மதிப்பீடு பெரும்பாலும் பலவீனமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். வருபவர்கள் ஆர்வமுள்ளவர்கள், அல்லது ஆர்வமுள்ள பெற்றோரின் பிள்ளைகள். கடைசி நாள் வினாக்கொத்தில் 'மிகவும் பிடித்தது' என்று எழுதாதவர் அரிது. காட்சிக்கு வைக்கும் விளையாட்டில் பிள்ளை செய்தது எவ்வளவு, அருகில் நின்ற பல்கலைக்கழக மாணவர் செய்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

எந்த மொழியில்?

விஞ்ஞானத்தை எந்த மொழியில் கற்பிப்பது என்ற வழக்கில் யாழ்ப்பாணம் போல நீண்ட அனுபவமுள்ள இடங்கள் தெற்காசியாவில் குறைவு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி கணிதத்தையும் வானியலையும் ஆங்கிலத்திற் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணித நூலும் எழுதினார். ஆனால் ஆங்கிலம் பயின்றவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுகின்றனர் என்ற முறைப்பாடு மிஷனுக்குள் வலுத்து, 1855இல் செமினரி மூடப்பட்டது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மறுவழி சென்றார். 1864 அளவில் அவர் வகுப்புகள் தமிழுக்கு மாறின. 'இரண வைத்தியம்' (1867), 'கெமிஸ்தம்' (1875) போன்ற நூல்கள் அதன் பயன். தமிழில் மருத்துவம் பயின்றவர்கள் ஊரிலேயே தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் எதிர்பார்ப்பு. இருபதாம் நூற்றாண்டில் 1945 முதல் படிப்படியாகத் தாய்மொழிக் கல்வி வந்தது. 2001 முதல் ஆங்கில வழி மீண்டும் ஒரு தெரிவாயிற்று.

செய்நிரலாக்கம் இந்த வழக்கை வேறு கோணத்தில் எழுப்புகிறது. இங்கே விளக்கம் தமிழில், கட்டளை ஆங்கிலத்தில். ஸ்க்ராட்ச் தரவுத்தளத்தை ஆராய்ந்த சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017இல், ஐந்து நாடுகளின் புதிய பயனர்களுள் சொந்த மொழிக் கட்டைகளைப் பயன்படுத்தியவர்கள் புதுக் கருத்துகளை விரைவாக எடுத்தாண்டனர் என்று கண்டனர். வலுவான சான்றுதான், ஆனால் அந்த ஐந்தும் ஐரோப்பிய மொழிகள் பேசும் நாடுகள். தமிழின் சொற்றொடர் அமைப்பு வேறு. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வந்து நிபந்தனை பின்னே வரும். தமிழில் நிபந்தனை முன்னே, 'எனின்' பின்னே. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி இதைக் கவனித்து, நிபந்தனைக்குப் பின்னரே 'ஆனால்' என்ற கட்டளையை வைக்கிறது. கட்டையின் மேலுள்ள சொல்லை மாத்திரம் மாற்றிவிட்டு வரிசையை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டால், பிள்ளை இரண்டு இலக்கணங்களுக்கிடையே தடுமாறும்.

எதிர்வாதமும் கேட்கத்தக்கது. பாஸ்கலும் பைதனும் ஆங்கிலக் கட்டளைகளோடுதான் வருகின்றன. பரீட்சையும் அவற்றையே கேட்கிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை முதலிலேயே பழகிவிடலாமே என்பர். தமிழில் விளக்கி ஆங்கிலக் கட்டையை இழுக்கும் கலப்பு முறையே எளிதில் கைகூடுவது. கைகூடுவதெல்லாம் சிறந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்காதவரை அது ஒரு வசதி மட்டுமே.

கோலமும் பனையோலையும்

கணினி வகுப்புக்கு உள்ளூர்ப் பண்பாட்டிலிருந்து பொருள் எடுக்க வேண்டும் என்ற நிலைப்பாடும் உண்டு. றொன் எக்லாஷ் ஆபிரிக்கப் பின்னல் வடிவங்களைக் கொண்டு இதை முன்னெடுத்தார். நமக்கு அவரைவிடப் பழைய முன்னோடி உண்டு. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலங்களை முறைசார் இலக்கணங்களால் விவரித்தனர். பின்னர் அதே கோலங்கள் லோகோவின் ஆமையாலும் வரையப்பட்டன. புள்ளிக் கோலத்தில் மீள்செயலும் சமச்சீரும் கண்முன்னே கிடக்கின்றன. குடாநாட்டின் பனையோலைப் பாய், பெட்டி, கடகம் ஆகியவற்றின் பின்னலிலும் அவ்வாறே.

இந்த அணுகுமுறையின் பலவீனம், பண்பாடு அலங்காரமாகச் சுருங்கிவிடுவது. பூனைக்கு வேட்டி கட்டிவிட்டால் பாடம் உள்ளூர்மயமாகிவிடாது. பின்னலின் விதியைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கட்டைகளாக எழுதினால் மட்டுமே அதற்குக் கணினிப் பெறுமதி. பெட்டி இழைக்கத் தெரிந்த ஒரு பெரியவரை அந்த அமர்வுக்கு அழைப்பது, இன்னொரு மடிகணினியைவிடப் பயன்தரக்கூடும்.

குடாநாட்டின் கணக்கு

கணினியில் நடக்கும் எந்தக் கற்பித்தலும் மின்சாரத்தை முன்நிபந்தனையாகக் கொள்ளும்போது, யாழ்ப்பாணம் அந்த நிபந்தனை முறிந்த வரலாற்றைக் கொண்டது. 1990க்குப் பின் ஆண்டுக்கணக்கில் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையமைப்பின் இணைப்பு இல்லை. பொருளாதாரத் தடையில் மின்கலமே தடைப்பொருள். உலகின் பிற பகுதிகளில் வீட்டுக் கணினி பரவிய அந்தத் தசாப்தத்தில் இங்கு ஒரு தலைமுறை குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்தது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், 2013 அளவிலேயே சுன்னாகம் வழியாக வலையமைப்பு மீண்டது. 2022 மார்ச் இறுதியில் பொருளாதார நெருக்கடி நாடு முழுவதையும் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் ஆழ்த்தியது.

ஆகவே ரிம் பெல் முதலியோர் நியூசிலாந்தில் உருவாக்கிய, கணினியே இல்லாமல் கணினியியலைக் கற்பிக்கும் முறை இங்கு ஒரு சமாதானமாக அன்றி முதற்தெரிவாகவே எண்ணப்படலாம். பெலியன் ஹெர்மன்ஸும் எப்திமியா ஐவலொக்லூவும் 2017இல் ஒரு சிறு பரிசோதனையில், முதல் நான்கு வாரம் தாளிலும் விளையாட்டிலும் படித்துப் பின் ஸ்க்ராட்சுக்கு வந்த பிள்ளைகளை, தொடக்கத்திலிருந்தே ஸ்க்ராட்ச் படித்தவர்களோடு ஒப்பிட்டனர். தேர்ச்சியில் வேறுபாடில்லை, முதற்குழுவினருக்குத் தன்னம்பிக்கை கூடுதல், அவர்கள் கையாண்ட கட்டைகளின் வகையும் கூடுதல். முப்பத்தைந்து பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு ஒன்றின்மேல் பெருங்கட்டடம் எழுப்ப முடியாது. எனினும் கணினி குறைவான பாடசாலைகளுக்கு அது கெட்ட செய்தியல்ல.

மற்றொரு தடை பரீட்சை. 1970களின் தரப்படுத்தலுக்குப் பின் பல்கலைக்கழக அனுமதி என்பது யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குக் கல்விப் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களை நோக்கியே ரியூட்டரிகள் நிறைந்தன. விடுமுறையும் அவற்றின் வேட்டைக்காலமே. புள்ளி தராத ஸ்க்ராட்ச் அந்த நேர அட்டவணையில் நுழைவதானால், தொழில் வாய்ப்பு என்ற வாக்குறுதியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. 2011 அளவில் தோன்றிய யாழ் ஐ.ரி. ஹப், வடக்கைத் தொழினுட்ப மையமாக்கும் கனவை முன்வைத்து 2012 முதல் யாழ் கீக் சலெஞ்ச் போட்டியை நடத்தியது. பாடசாலை மாணவருக்கும் அதில் தனிப்பிரிவு வந்தது. 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொடங்கியது. இவை ஒரு சூழலை உருவாக்கியிருக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பூனைக்கும் மென்பொருள் நிறுவன வேலைக்கும் நேர்கோடு வரைவது எந்த ஆய்விலும் இல்லாத கோடு. சிறுவர் 'கோடிங்' வகுப்புகள் 2020இல் இந்தியாவில் எத்தகைய விளம்பரங்களோடு விற்கப்பட்டன என்பதும், விளம்பரத் தர மன்றம் அவற்றிற் சிலவற்றை மீட்டுக்கொள்ளச் சொன்னதும் மறக்கத்தக்கதல்ல.

கேரளம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. அங்கு 2018இல் தொடங்கிய 'லிற்றில் கைற்ஸ்' மன்றங்கள் அரச, உதவிபெறும் உயர்நிலைப் பாடசாலைகளுக்குள்ளேயே இயங்குகின்றன. கட்டற்ற மென்பொருள், ஸ்க்ராட்ச், பொறுப்பாகப் பயிற்றப்பட்ட இரண்டு ஆசிரியர். பாடசாலை முகாமில் நன்றாகச் செய்தவர் உபமாவட்ட முகாமுக்கும், அங்கிருந்து மாவட்ட, மாநில முகாம்களுக்கும் போகிறார். முகாம் அங்கு ஆண்டுமுழுதும் நடக்கும் வேலையின் ஒரு கணு. குடாநாட்டில் முகாம் நடத்துவோர் பலர் வெளியிலிருந்து வருபவர்கள். விடுமுறை முடிந்ததும் அவர்களும் போய்விடுகின்றனர், சிலவேளை மடிகணினிகளும் கூடவே.

எஞ்சியிருப்பவை

சான்றுகள் எதைத் தாங்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். குறுகிய முகாம் ஒன்று தொடர்ச்சி, நிகழ்வு, மீள்செயல் ஆகியவற்றையும் ஓரளவு ஆர்வத்தையும் தர முடியும். பிழைதேடும் முறையை வெளிப்படையாகக் கற்பித்தால் அதையும் தரக்கூடும். 'சிந்தனைத் திறனை வளர்க்கிறது' என்ற பொதுக்கூற்றை அது தாங்காது. மாறியும் தருக்கமும் சிறப்புக் கவனமின்றி வருவதில்லை. ஸ்க்ராட்சால் கிடைத்த முன்னிலை, எழுத்து மொழிக்கு மாறிய சில மாதங்களில் கரையக்கூடியது.

தீராதவை வேறு. தமிழ்க் கட்டைகளா ஆங்கிலக் கட்டைகளா என்பதை ஒரே முகாமின் இரண்டு குழுக்களில் பரிசோதிப்பது கடினமான காரியமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும் ஆசிரிய கலாசாலைகளும் இதற்குப் பொருத்தமான இடங்கள். 2022இன் இறுதியிலிருந்து, கேட்டவுடன் செய்நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கைபேசிக்கே வந்துவிட்டன. எழுதுவதைவிட வாசிப்பதும் பிழை காண்பதும் முதன்மை பெறுமானால், பாடத்திட்டத்தின் வரிசையே மாற வேண்டியிருக்கும். பெறாதென்று வாதிடுவோரும் உளர்.

அளவீடும் திறந்தே கிடக்கிறது. இலங்கையின் கல்வியாண்டு மூன்று தவணைகளாகப் பிரிந்திருப்பது இதற்கு வாய்ப்பானது. ஏப்ரலில் முகாமுக்கு வந்த பிள்ளைகளிடம் ஓகஸ்டில், பிழையுள்ள ஒரு ஸ்க்ராட்ச் செய்நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். டிசம்பரில் அதே பிழையைப் பாஸ்கலில் வைக்கலாம். செலவு தாளும் ஒரு மணி நேரமுமே. இந்தச் சோதனையைத் தங்கள் நிகழ்ச்சிநிரலிற் சேர்க்க எத்தனை முகாம்கள் முன்வரும், அதன் முடிவைச் சான்றிதழோடு சேர்த்துப் பெற்றோரிடம் கொடுக்கத் துணியுமா என்பது வேறு விடயம்.